உன் கடவுச்சீட்டில் எழுதியிருக்கும் ஊர்

அன்பு மகள் துளசிக்கு,

அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் சுகமாக இருக்கிறீர்கள் என்றும், வைத்தியர் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னார் என்றும் கேட்டு மனம் ஆறுதல் அடைந்தது. தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவேதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

“நான் பிறந்தது இன்டர்லாக்கன் வைத்தியசாலையில், வாழ்வது ரொறன்ரோவில், அப்படியிருக்க என் சுவிஸ் கடவுச்சீட்டில் லவுட்டர்புருன்னன் என்று ஏன் எழுதியிருக்கிறது, இங்கே பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதே ஊரையா எழுதுவார்கள்” என்று கேட்டாய். ஆம், அதே ஊரைத்தான் எழுதுவார்கள். அந்த ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைக்கும் அது சொந்த ஊர் ஆகும். அப்படியானால் அதன் நிலம் எப்படிப்பட்டது, அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், ஏன் அத்தனை பேர் மட்டுமே வாழ்கிறார்கள் என்பதைப் பெற்றவள் ஆகிய நீயாவது சரியாக அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பதினெட்டு வயது வரை அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவள் நீ. ஆனாலும் வளர்ந்த இடத்தைப் பிள்ளைகள் பழகிக்கொள்கிறார்களே ஒழிய, அதை ஒரு முழு ஊராக நின்று பார்ப்பதற்கு அந்த வயதில் நேரம் இருப்பதில்லை.

முதலில் அந்தப் பெயர் கடவுச்சீட்டுக்கு வந்த வழியைச் சொல்கிறேன். சுவிஸில் எவரும் நேரடியாக நாட்டின் பிரசை ஆகிவிடுவதில்லை. ஒரு கெமைண்டேயின், அதாவது உள்ளூராட்சி உடைய ஓர் ஊரின், பிரசாவுரிமையும் அந்தக் கெமைண்டே இருக்கும் கன்டோனின், அதாவது மாநிலத்தின், பிரசாவுரிமையும் உடையவரே சுவிஸ் பிரசை என்று நாட்டின் அரசியலமைப்பே வரையறுக்கிறது. பிரசாவுரிமை தந்த அந்தக் கெமைண்டேதான் ஒருவரின் ஹைமாட்டோர்ட், அதாவது பூர்வீக ஊர். மற்ற நாடுகள் பிறந்த இடத்தை எழுதும் கட்டத்தில் சுவிஸ் இதைத்தான் எழுதுகிறது. மூன்று தலைமுறையாக சூரிச்சில் வாழும் குடும்பம் ஒன்றின் தாளில், பாட்டனாருக்குப் பாட்டனார் விட்டுப் புறப்பட்ட மலைக்கிராமத்தின் பெயர் இன்றும் இருக்கும். அந்தப் பெயர் ஒரு காலத்தில் வெறும் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. ஒருவர் வறுமையில் வீழ்ந்தால் அவரைத் தாங்க வேண்டிய கடமை அவர் வசிக்கும் ஊருக்கு அல்ல, அவருடைய பூர்வீக ஊருக்கே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சுமையைத் தாங்க முடியாத சில ஊர்கள், தங்கள் ஏழைகளுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தன. உதவிப் பணத்தை ஒருவரின் பூர்வீகக் கன்டோனிடமிருந்து அவர் வசிக்கும் கன்டோன் மீளப் பெறும் விதியின் கடைசி மிச்சம்கூட 2017இல்தான் நீங்கியது. ஒரு கெமைண்டே ஒருவரைத் தன் பிரசையாக ஏற்றுக்கொள்வது எவ்வளவு கனமான செயலாக இருந்தது என்பதை இதிலிருந்து நீ உணரலாம்.

எங்கள் பிரசாவுரிமை நேர்காணலுக்கு முன் அப்பா அந்த ஊரின் கிராமங்களையும் உயரங்களையும் ஒரு தாளில் எழுதி, ஹொட்டேல் சமையலறையில் தட்டுக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். நீராவியில் அந்தத் தாளின் ஓரங்கள் சுருண்டு, மையும் கொஞ்சம் கரைந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் இருந்ததைத்தான் இப்போது உனக்கு விரித்து எழுதுகிறேன்.

லவுட்டர்புருன்னன், பேர்ன் கன்டோனின் மேட்டுநிலப் பகுதியில், இன்டர்லாக்கனுக்குத் தெற்கே இருக்கும் கெமைண்டே. பரப்பு ஏறக்குறைய 164 சதுர கிலோமீற்றர். அதில் வாழும் மக்கள் இன்று 2,300 பேரளவில். ஒரு சதுர கிலோமீற்றருக்குப் பதினான்கு பேர் என்று கணக்கு வரும். சுவிஸ் நாட்டின் சராசரியோ அதே அளவு நிலத்தில் இருநூறுக்கும் மேல். ஆனால் இந்தப் பதினான்கு என்ற எண், ஊரைத் தெரியாதவரை ஏமாற்றிவிடும். பரந்த வெளியில் ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி வீடு கட்டி வாழ்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொள்வார். உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த 164 சதுர கிலோமீற்றரில் பாதிக்கும் மேலானது பாறையும் பனிக்கட்டியும் சரளையும். அங்கே எதுவும் விளையாது, எவரும் குடியிருக்க முடியாது. மிகுதியில் காடும், மாடுகள் கோடையில் மட்டும் ஏறும் உயர்மேய்ச்சல் நிலமும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. வீடு, வீதி, தொடருந்துப் பாதை, பள்ளிக்கூடம், கல்லறை என்று மனிதர் பயன்படுத்தும் நிலம் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. அந்தச் சிறு துண்டில்தான் 2,300 பேரும் நெருங்கி வாழ்கிறார்கள். மலை ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்துச் செம்மண் தரையிலிருந்து வந்த எனக்கு, நிலம் இவ்வளவு இருந்தும் நிற்க இடம் இல்லை என்பது விளங்க நீண்ட காலம் எடுத்தது.

நிலத்தின் வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பனியுகத்தில் பனியாறு குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. ஆறு அரித்த பள்ளத்தாக்கு கீழே ஒடுங்கியிருக்கும். பனியாறு குடைந்ததோ அடியில் தட்டையாகவும் இருபுறமும் செங்குத்தான சுவர்களாகவும் இருக்கும். அந்தச் சுண்ணாம்புக்கல் சுவர்கள் நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்துக்கு நேராக எழுந்து, மேலே திடீரென மடிந்து, புல் முளைத்த திண்ணைபோல் சரிவாக விரிகின்றன. ஆகவே மனிதர் குடியிருக்கக்கூடிய இடம் இரண்டே: ஒன்று சுவர்களுக்கிடையிலான அடித்தரை, மற்றது சுவருக்கு மேலே உள்ள அந்தத் திண்ணை. நடுவில் பாறை. ஒரே கெமைண்டேயின் கிராமங்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக இறங்கி ஏறவேண்டி இருப்பது இதனால்தான்.

அடித்தரையில், ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில், கெமைண்டேக்குப் பெயர் தந்த லவுட்டர்புருன்னன் கிராமம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் உள்ளே போனால் ஷ்டெஹெல்பேர்க். அதோடு வீதி முடிந்துவிடும், அதற்கு அப்பால் நடைபாதை மட்டுந்தான். கிழக்குத் திண்ணையில் 1,274 மீற்றரில் வெங்கன். மக்கள் மிகுதியாக வாழ்வது அங்கேதான். மேற்குத் திண்ணையில் 1,638 மீற்றரில் மியூரென், அங்கே நானூறு பேரளவில் இருப்பார்கள். அதற்குச் சற்றுக் கீழே கிம்மெல்வால்ட், நூறு பேரளவில் வாழும் உழவர் கிராமம். வடமேற்கில் 1,081 மீற்றரில் ஈஸென்ஃப்ளூ. மலைக்குள் சுழன்று ஏறும் சுரங்கப்பாதையில்தான் அங்கே வாகனம் போகும். ஈஸென்ஃப்ளூ 1973 வரை தனிக் கெமைண்டேயாக இருந்து பிறகு லவுட்டர்புருன்னனோடு இணைந்தது. நாட்டில் இப்படி இணைந்துகொண்டே வருகிறார்கள். 1850இல் மூவாயிரத்துக்கும் மேல் இருந்த கெமைண்டேகள் இன்று ஏறக்குறைய 2,120 ஆகக் குறைந்துவிட்டன.

வெங்கனுக்கும் மியூரெனுக்கும் கிம்மெல்வால்டுக்கும் பொதுமக்களின் கார் போக வழியே இல்லை. வெங்கனில் நான் அறைகள் துப்புரவு செய்த காலத்தில், விடுதிக்கு வேண்டிய அரிசி, மா, மது, படுக்கை விரிப்பு, ஏன் நோயாளியின் கட்டில்கூடத் தொடருந்தில்தான் ஏறிவரும். நிலையத்தில் இறக்கி, மின்கலத்தில் ஓடும் சிறு வண்டிகளில் ஏற்றிச் செல்வார்கள். மூன்று நாள் அழுக்குத் துணியை மூட்டையாகக் கட்டிக் கீழே அனுப்பும்போது, மூட்டையின் காதில் அட்டை ஒன்றைக் கட்டி விடுதியின் பெயரை எழுத வேண்டும். மழை நாளில் அந்த எழுத்து அழிந்துவிடாமல் இருக்க மெழுகுதிரியால் ஒருமுறை தேய்த்துவிடுவோம். ஓர் ஊரின் புவியியல், துணி மூட்டையில்கூடத் தன் அடையாளத்தை இப்படிப் பதித்துவிடுகிறது.

தெற்கு எல்லையில் யுங்ஃப்ராவ் நிற்கிறது, 4,158 மீற்றர். அதன் உச்சி பேர்ன் கன்டோனின் லவுட்டர்புருன்னனுக்கும் வாலிஸ் கன்டோனின் ஃபீஷர்டாலுக்கும் எல்லை. உலகமெங்கும் இருந்து மக்கள் ஏறிவரும் யுங்ஃப்ராவ்யோக் தொடருந்து நிலையம் 3,454 மீற்றரில் இருக்கிறது. அது உண்மையில் எல்லையைத் தாண்டி வாலிஸ் பக்கத்தில் அமைந்துள்ளது. ஆயினும் அங்கே போகிறவர்களில் பலர் நமது பள்ளத்தாக்கின் வழியாகப் போகிறார்கள். அடித்தரையிலிருந்து உச்சி வரை 3,300 மீற்றருக்கும் மேலான உயர வேறுபாடு ஒரே கெமைண்டேக்குள் அடங்கியிருக்கிறது. ஒரே நாளில் கீழே செர்ரி மரம் பூத்திருக்கும், மேலே பனிப்புயல் வீசும். குளிர்காலத்தில் அடித்தரைக்கு வெயில் சிறிது நேரமே எட்டும். திண்ணையில் இருக்கும் வெங்கனோ நண்பகல் முழுதும் வெயிலில் குளிக்கும். வெங்கனில் விடுதிகள் பெருகியதற்கு அந்த வெயிலும் ஒரு பெரிய காரணம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. அங்கே எழுபத்திரண்டு நீர்வீழ்ச்சிகள் உண்டு என்பது ஊரார் வழங்கும் கணக்கு. மழை பெய்த மறுநாள் பார்த்தால் அதற்கும் மேல் தோன்றும். கிராமத்தின் மேலேயே விழும் ஷ்டாவ்பாக் ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அவ்வளவு தொலைவு விழுவதால் தரையைத் தொடுமுன் பெரும்பகுதி தூவானமாகிக் காற்றில் அலைந்துவிடும். 1779இல் ஜெர்மன் கவிஞர் கோத்தே அங்கே வந்து அதைப் பார்த்துத்தான் மனித ஆன்மாவைத் தண்ணீருக்கு ஒப்பிட்ட தன் கவிதையை எழுதினார். ஆனால் என் மனதை அதைவிடக் கவர்வது ட்ருமெல்பாக். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று மலைகளின் இந்தப் பக்கத்துப் பனியாறுகள் உருகிவரும் நீரை அது ஒன்றே மலையின் உட்புறமாகக் குடைந்து இறக்குகிறது. பத்துப் படிகளாக, பாறைக்குள்ளேயே. உச்ச நேரத்தில் வினாடிக்கு 20,000 லீற்றர் வரை நீர் பாயும். கைப்பிடிக் கம்பியில் கை வைத்தால் மலை அதிர்வதை விரலில் உணரலாம். அந்த நீரெல்லாம் வெள்ளை லுட்ஷினே ஆற்றில் சேர்ந்து, கிரிண்டல்வால்டிலிருந்து வரும் கறுப்பு லுட்ஷினேயோடு கலந்து, பிரியன்ஸ் ஏரியில் விழுகிறது. கோடையில் ஆறு பால் கலந்ததுபோல் சாம்பல் வெண்மையாக ஓடுவதற்கு, பனியாறு பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவருவதே காரணம். குளிர்காலத்தில் உருகுதல் நின்றுவிடுவதால் ஆறு மெலிந்து, அடிக்கல் தெரியும்படி தெளிந்து ஓடும்.

இனி மனிதர்களைப் பற்றி. அந்தப் பள்ளத்தாக்கின் ஆதிக்குடிகள் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களே என்பதை நீ மறக்கக்கூடாது. உட்பகுதிக் கிராமங்களுக்கும் மியூரென், கிம்மெல்வால்ட் ஆகிய மேற்குத் திண்ணைக் கிராமங்களுக்கும் 14ஆம் நூற்றாண்டளவில் குடியேறியவர்கள், தெற்கே மலைத்தொடருக்கு அப்பால் வாலிஸ் பக்கத்தில் இருக்கும் லெட்ஷென்டால் பள்ளத்தாக்கின் மக்கள். பனியாற்றைக் கடந்து, மாடுகளோடும் பிள்ளைகளோடும் வந்தார்கள். பல நூற்றாண்டுகள் அவர்களுடைய ஜெர்மன் பேச்சு பேர்ன்காரரின் பேச்சிலிருந்து வேறுபட்டே இருந்தது. அன்று பள்ளத்தாக்கு இன்டர்லாக்கன் மடத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. 1528இல் மதச்சீர்திருத்தத்தோடு பேர்ன் அரசு அந்த உரிமைகளைத் தனதாக்கிக்கொண்டது. மலைக்கு இப்பால் வந்தவர்கள் சீர்திருத்த கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அப்பால் நின்றுவிட்ட உறவினர்கள் கத்தோலிக்கராகவே இருந்தார்கள்.

அந்த லெட்ஷென்டாலில் உள்ள பிளாட்டன் கிராமத்துக்கு நேர்ந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். 2025 மே 28ஆம் திகதி பிர்ஹ் பனியாறு சரிந்து விழுந்து, கிராமத்தின் பத்தில் ஒன்பது பங்கைச் சில நொடிகளில் மூடிவிட்டது. ஒன்பது நாள் முன்னதாகவே கிராமத்தின் ஏறக்குறைய 300 பேரையும் வெளியேற்றியிருந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. ஆயினும் ஒருவர் இறந்துபோனார். பிளாட்டன் நமக்கு ஏதோ தொலைவில் உள்ள இடம் அல்ல. பிரைட்ஹோர்ன் மலைமுகட்டில் அதன் எல்லையும் லவுட்டர்புருன்னனின் எல்லையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி வந்த அன்று மாலை, மேற்குத் திண்ணையில் பிறந்த எங்கள் பழைய அயலவர் மூதாட்டி ஒருவர், எங்கள் ஆட்களின் ஊர் போய்விட்டது என்று சொல்லி அழுதார். அறுநூறு ஆண்டுக்கு மேலான உறவு அது. வீடுகள் மண்ணுக்குள் போன பிறகும் பிளாட்டன் ஒரு கெமைண்டேயாகத் தொடர்ந்து இயங்குகிறது. அதன் சபை அயல்கிராமத்தில் கூடுகிறது, மக்கள் அதன் மக்களாகவே பதிவில் இருக்கிறார்கள், திரும்பக் கட்டுவதற்குத் திட்டமும் போட்டிருக்கிறார்கள். தரை போனாலும் ஊர் என்ற அமைப்பு மக்களிடத்தில் நிலைத்து நிற்கிறது என்பதை, ஊரை விட்டு வந்த நாங்கள் எவருக்கும் குறையாமல் விளங்கிக்கொண்டோம்.

லவுட்டர்புருன்னனும் ஆபத்து இல்லாத இடம் அல்ல. 1999 பெப்ரவரியில் அல்ப்ஸ் எங்கும் பனிச்சரிவுகள் விழுந்த அந்த நாட்களில் வானத்தையும் மலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கட்டக்கூடாது என்பதை நிறமிட்டுக் காட்டும் ஆபத்து வரைபடம் ஒவ்வொரு கெமைண்டேயிலும் இருக்கிறது. சிவப்பு நிறமிட்ட இடத்தில் புதிய வீடு எழுப்ப முடியாது. முன்னே சொன்ன அந்த இரண்டு பங்கு நிலம் இதனால் இன்னும் சுருங்குகிறது. மேலே பனியாறுகளும் ஆண்டுதோறும் மெலிகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் ஏறக்குறைய பத்து வீதத்தை இழந்தன.

நீண்ட காலம் அந்த ஊர் மாட்டையும் பாற்கட்டியையும் நம்பி வாழ்ந்த ஏழை ஊர். அதை மாற்றியது தொடருந்து. 1890இல் கீழே கிராமம் வரை பாதை வந்தது. 1891இல் மியூரெனுக்கும், 1893இல் வெங்கன் வழியாகக் கிளைன ஷைடெக் கணவாய்க்கும் பாதை ஏறியது. 1896இல் தொடங்கிய யுங்ஃப்ராவ் பாதை, ஐகர், மோன்க் மலைகளின் உள்ளே சுரங்கம் குடைந்து 1912இல்தான் முடிந்தது. பாறையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளர். வெடிவிபத்துகளில் பலர் உயிரிழந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் செல்வத்துக்கு அடித்தளம் இட்டவர்களின் வரிசையில் அந்த இத்தாலியரை நான் முதலில் வைக்கிறேன். பிறகு ஆங்கிலேயர் பனிச்சறுக்கு விளையாட வந்தார்கள். 1930 முதல் வெங்கனில் நடக்கும் லவ்பர்ஹோர்ன் பந்தயத்தை நீ ஒவ்வொரு ஜனவரியும் வீதியில் கொடி பிடித்துப் பார்த்தவள், அதை நான் சொல்லத் தேவையில்லை.

விடுதிகள் பெருகியதால் வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். இத்தாலியர், ஸ்பானியர், யூகோஸ்லாவியர், போர்த்துக்கேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1983க்குப் பிறகு நாங்களும் வந்தோம். சுவிஸுக்கு வந்த ஈழத்தமிழரில் மிகப் பலர் முதலில் நின்ற இடம் சமையலறையும் பாத்திரம் கழுவும் தொட்டியும்தான். அந்த வேலையில் பேச்சு குறைவு, கை வேகம் போதும். மொழி தெரியாதவருக்குத் திறந்த கதவு அது ஒன்றே. மலைக்கிராமத்து விடுதியில் வேலையோடு படுக்க அறையும் கிடைத்தது. அகதி வழக்கு முடிவாகாமல் இருந்த ஆண்டுகளில் அப்பாவை மனிதராக நிறுத்தியது அந்த வேலைதான் என்று நான் எப்போதும் சொல்வேன். இன்று போர்த்துக்கேயர்தான் அங்கே அதிகம் தெரிகிறார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் புதிய முகங்கள் நிற்கின்றன.

இவ்வளவு வேலை இருந்தும் மக்கள்தொகை ஏன் கூடவில்லை என்று நீ கேட்கலாம். 2000ஆம் ஆண்டில் மூவாயிரத்தை நெருங்கியிருந்த தொகை இப்போது 2,300ஐ ஒட்டி நிற்கிறது. நாடு முழுதும் தொண்ணூறு இலட்சமாக வளர்ந்த அதே காலத்தில் இந்த ஊர் குறைந்திருக்கிறது. காரணம் எனக்கு ஐயமின்றித் தெரிகிறது: வீடு. கட்டக்கூடிய நிலம் கொஞ்சம். அதில் எழுந்த வீடுகளில் பெரும்பங்கு, ஆண்டில் சில கிழமைகள் மட்டும் விளக்கு எரியும் விடுமுறை வீடுகள். இன்னும் சில, இரவுக் கட்டணத்துக்கு விடப்படும் வீடுகள். 2012 மார்ச் மாத வாக்கெடுப்பில், இரண்டாம் வீடுகள் 20 வீதத்தைத் தாண்டிய கெமைண்டேகளில் இனி அத்தகைய வீடு கட்டக்கூடாது என்று மக்கள் முடிவு செய்தார்கள். மலைப்பகுதிகள் பெரும்பாலும் அதை எதிர்த்தே வாக்களித்தன. எதிர்த்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது, கட்டட வேலை பலருக்குச் சோறு போடுகிறது. இருந்தாலும் அந்த முடிவு சரியானது என்பதே என் எண்ணம். சட்டம் பத்து ஆண்டு முந்தி வந்திருந்தால், உன் வகுப்பில் படித்தவர்கள் இன்று இன்டர்லாக்கனிலும் தூனிலும் வாடகைக்கு இருந்துகொண்டு, வேலைக்கு மட்டும் பள்ளத்தாக்குக்குள் வந்துபோகும் நிலை இவ்வளவு வந்திருக்காது.

அதே வேளை, பகலில் அந்த ஊரில் நிற்பவர்களின் தொகை வேறு. ஓகஸ்ட் மாத நண்பகலில் நிலையத்திலிருந்து தேவாலயம் வரை உள்ள ஒரே வீதியில், நடுவில் நின்று நீர்வீழ்ச்சியைப் படம் எடுப்பவர்களைத் தாண்டிப் பேருந்து நகர முடியாமல் நிற்கும். பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்றுகூட ஊரில் ஆராய்ந்தார்கள். தண்ணீர், கழிவுநீர், குப்பை, வீதி எல்லாவற்றையும் வருகிறவர்களின் தொகைக்கு ஏற்ப அமைக்க வேண்டும். அதைத் தீர்மானித்து வாக்களிக்க வேண்டியவர்களோ அந்த 2,300 பேரில் வயது வந்த பிரசைகள் மட்டுமே. ஒரு சிறு ஊருக்கு இது பெரிய சுமை. கெமைண்டேக் கூட்டத்தில் தண்ணீர்க் குழாய்க்கான செலவைப் பற்றி ஓர் உழவரும் ஒரு விடுதிக்காரரும் ஒரு மணி நேரம் வாதிட்டு, பிறகு கை தூக்கி முடிவெடுத்து, அன்றிரவே ஒரே தொடருந்தில் மேலே போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் முதல் தடவை கை தூக்கியபோது எனக்கு வந்த மதிப்பு, கடவுச்சீட்டு கையில் கிடைத்தபோதுகூட வரவில்லை.

உனக்கு இப்போது அந்தக் கூட்டத்தில் வாக்கு இல்லை, நீ அங்கே வசிக்காததால். ஆனால் நாட்டின் வாக்கெடுப்புகளிலும் பேர்ன் கன்டோனின் வாக்கெடுப்புகளிலும் வெளிநாட்டில் இருந்தபடியே அஞ்சலில் வாக்களிக்க உனக்கு உரிமை உண்டு. தூதரகத்தில் பதிந்துகொண்டால் தாள்கள் வீட்டுக்கு வரும். பிள்ளையின் பிறப்பையும் தாமதிக்காமல் அறிவித்துவிடு. வெளிநாட்டில் பிறந்து வேறு நாட்டுப் பிரசாவுரிமையும் உடைய பிள்ளையைப் பற்றி இருபத்தைந்து வயது நிறைவதற்குள் சுவிஸ் அதிகாரிகளுக்கு ஒருமுறையேனும் அறிவிக்காவிட்டால், சுவிஸ் பிரசாவுரிமை தானாகவே நீங்கிவிடும். இருபத்தைந்து ஆண்டு என்பது நீண்ட காலம் என்று எண்ணி ஆறப்போடாதே. பலர் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். பெற்றோரின் திருமணச் சான்றையும் பிறப்புச் சான்றையும் கேட்பார்கள். உங்கள் திருமணம் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்று முதலில் பார்.

பிள்ளையோடு வருவதானால் ஓகஸ்டைத் தவிர்த்து யூன் மாதத்தில் வாருங்கள். அப்போது மேலே பனி உருகி நீர் நிறைந்து விழும், திண்ணைகளில் புல்வெட்டு தொடங்குமுன் பூக்கள் நிற்கும், கூட்டமும் சற்றுக் குறைவாக இருக்கும். மருமகன் எந்த மலையுச்சிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். கீழே கிராமத்திலிருந்து கம்பிவட வண்டியில் குருட்ஷ்ஆல்ப் வரை ஏறி, அங்கிருந்து மியூரெனுக்குத் திண்ணையின் விளிம்போடு நடந்தால், எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாகவும், கீழே அடித்தரையும், எதிர்த்திண்ணையில் வெங்கனும் ஒன்றாகத் தெரியும். நான் இங்கே எழுதியதெல்லாம் அங்கே நின்றால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். தள்ளுவண்டி போகக்கூடிய அகலமான பாதைதான், ஒன்றரை மணி நேரம் போதும். அப்பாவுக்கு முழங்கால் நோவு இருப்பதால் அவர் சிறு தொடருந்தில் வந்து மியூரெனில் காத்திருப்பார்.

மருந்துகளை நேரத்துக்கு எடு. குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். பதிவு விடயமாகத் தூதரகம் என்ன பதில் தந்தது என்பதை எழுது.

அன்புடன்,
அம்மா